அந்த இன்னொருத்தனின் அம்மா

எங்கள் சலவைக்கூடத்தில் தனி ஆளாகச் செய்ய முடியாத வேலை ஒன்றே ஒன்றுதான்: படுக்கை விரிப்பு மடிப்பது. நான் இந்தப் பக்கம் நின்று ஈர விரிப்பைச் சூட்டு உருளைக்குள் ஊட்டுவேன். அது அந்தப் பக்கம் மொடமொடவென்று, கை வைத்தால் சுடும் பதத்தில் வெளியே வரும். அங்கே நிற்கிற இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். ஒருத்தி கை நழுவினாலும் துணி தரையில் விழும். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து துவைக்க வேண்டும், மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டு பேர் மாதாக்காவும் இன்ஷாக்காவும். பெற்றவர்கள் வைத்த பெயர் இருவருக்கும் உண்டு. அதை நான்தான் மாற்றிவிட்டேன். விரலில் சூடு பட்டாலும் "மாதாவே" என்பவள் மாதாக்கா. டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டால்கூட "இன்ஷா அல்லா" என்பவள் இன்ஷாக்கா. டீக்கடை எதிரில்தான் இருக்கிறது, அதற்கு எதற்கு அல்லாவைச் சிரமப்படுத்துகிறாய் என்று நான் கேட்பேன். என் வாய்க்கு அவர்கள் என்னை "மொளகா" என்று கூப்பிட்டார்கள், சரிக்குச் சரி.

எனக்கு எந்தச் சாமியோடும் வரவு செலவு கிடையாது. ஆனால் சாமியைப் பற்றி இரண்டு பெண்கள் சண்டை போட்டால் காது கொடுத்துக் கேட்பேன். உருளையின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி இவர்கள் போடுகிற சண்டை எப்போதும் ஒரே ஆளைப் பற்றியதுதான். மாதாக்கா அவளை மாதா என்றாள், இன்ஷாக்கா மர்யம் என்றாள்.

ஒரே பெண் இரண்டு வீட்டில் இரண்டு விதமாக வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். மாதாக்கா வீட்டு மாதா, கூடவே புருஷன் சூசையப்பர் துணைக்கு வர, மாட்டுத் தொழுவத்தில் பிள்ளை பெற்றாள். பார்க்க ஆடு மேய்க்கிறவர்கள் வந்தார்கள். இன்ஷாக்கா வீட்டு மர்யமுக்குத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. வலி எடுத்ததும் தனியாகப் போய் ஒரு பேரீச்ச மரத்தைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு முன்னாலேயே செத்துப் போயிருக்கக் கூடாதா என்று அழுதாள். மரத்தை உலுக்கு, பழம் விழும், தின்று தண்ணீர் குடி, யார் கேட்டாலும் பேசாதே என்று ஒரு குரல் சொன்னது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தாள். இது எப்படி வந்தது என்று ஊர் கேட்டபோது அவள் வாயே திறக்கவில்லை, பிள்ளையைக் கைகாட்டினாள். தொட்டில் பிள்ளை பேசி அம்மாவின் மானத்தைக் காப்பாற்றியது.

மாதாக்காவுக்கு இதில் பெரிய குறை, சூசையப்பரைக் கழற்றிவிட்டார்களே என்று. தன் புருஷன் இன்னொருத்தியோடு கிளம்பிப் போய் வருடக்கணக்கானதால், கூடவே நிற்கிற புருஷன் ஒருவன் எந்தக் கதையிலாவது இருக்கட்டும் என்று அவள் நினைத்திருக்கலாம். எனக்கு அந்த மரத்தடிப் பெண்ணைத்தான் பிடித்திருந்தது. அதைச் சொன்னேன். இன்ஷாக்காவுக்கு வாயெல்லாம் பல். அவர்கள் வேதத்தில் அவள் பெயரில் ஒரு அத்தியாயமே இருக்கிறதாம். அந்தப் புத்தகத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிற ஒரே பெண் அவள்தானாம். எங்க மாதாவுக்கு மாதத்துக்கு ஒரு பண்டிகை இருக்கு, இது என்ன பிரமாதம் என்றாள் மாதாக்கா. அந்தச் சண்டைகளில் விஷம் கிடையாது. சண்டை முடியும்போது விரிப்பும் மடிந்திருக்கும்.

இருவருக்கும் ஆளுக்கொரு பையன். மாதாக்காவுக்கு அவன் ஒருவன்தான். இன்ஷாக்காவுக்கு மூத்த பெண்கள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டார்கள், வீட்டுக்காரர் படுத்த படுக்கை, இவன்தான் கடைக்குட்டி. எங்கள் மடிப்பு மேசைக்கு அடியில் துணி மூட்டைமேல் படுத்துத் தூங்கியே இரண்டு பேரும் வளர்ந்தார்கள். ஒரே உயரம், ஒரே மெலிவு, பின்னாலிருந்து பார்த்தால் பெற்றவளுக்கே தடுமாறும். தெருவில் அவர்களுக்கு இரட்டை மாடு என்று பெயர். படிப்பு ஏறாமல் இருவரும் ஒன்றாகவே பள்ளியை விட்டு, ஒன்றாகவே பெயின்ட் கலக்கிற கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அந்தக் கிடங்கின் வேலைக் கோட்டுகள் துவைக்க எங்களிடம்தான் வரும். சாம்பல் நிறத்தில் எல்லாம் ஒரே மாதிரி. காலரில் மையால் போட்ட எண் நாலு துவையலில் அழிந்துவிடும். தன் பிள்ளையின் கோட்டு மாறிப் போய்க் கண்டவன் கோட்டைப் போட்டு அவனுக்குச் சொறி வந்துவிடக் கூடாது என்று மாதாக்கா தன் மகனின் இரண்டு கோட்டுகளிலும் காலருக்கு உள்ளே நீல நூலால் ஒரு குட்டிச் சிலுவை தைத்தாள். இன்ஷாக்கா பச்சை நூலில் ஒரு முடிச்சு மட்டும் போட்டாள். நீ ஒரு பிறை போடேன் என்றேன். அழுக்குத் துணியில் பிறையைப் போடுவார்களா என்று என்னை முறைத்தாள்.

கிடங்கு எரிந்தது ஒரு மழை நாளில். தின்னர் டின்கள் ஒவ்வொன்றாக வெடித்த சத்தம் எங்கள் கூடம் வரைக்கும் கேட்டது. உருளையை நிறுத்தாமலே நாங்கள் மூவரும் ஓடினோம். மற்ற ஆட்கள் எல்லாம் வெளியே நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரைத்தான் காணோம்.

தீயை அணைத்தபோது உள்ளே ஒரே ஒரு உடல் கிடைத்தது. முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. குப்புற விழுந்து கிடந்ததால் கழுத்துக்குப் பின்னால் கோட்டின் காலர் துண்டு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. போலீஸ்காரர் அதை ஒரு உறையில் போட்டுக்கொண்டு வந்து காட்டினார். கரியும் ஈரமுமாக இருந்த அந்தத் துணியில் நீல நூல் தெரிந்தது. மாதாக்கா அதைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. தன் தையல் தனக்குத் தெரியாதா? அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெற்றவளே அடையாளம் சொன்ன பிறகு வேறு பரிசோதனை எதற்கு என்று, ஒரு பல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியை ஆணி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இன்ஷாக்கா மாதாக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்ஷாக்காவின் மகன் என்ன ஆனான் என்பதற்கு ஒரே ஒரு சாட்சி, கிடங்கின் காவலாளி. தீப்பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சாம்பல் கோட்டுப் போட்ட ஒரு பையன் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துப் போனதைப் பார்த்தாராம். முதுகைத்தான் பார்த்தாராம். அது இரட்டை மாட்டில் ஒன்று என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பெட்டியில் இருப்பது மாதாக்கா பிள்ளை என்றால் ஓடியவன் இன்ஷாக்கா பிள்ளைதானே. சிகரெட் பிடித்துத் தீ வைத்துவிட்டுப் பயந்து ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. போலீஸ் இரண்டு தடவை வந்து வீட்டைக் கிளறிப் போட்டுவிட்டுப் போனது.

இன்ஷாக்காவுக்கு ஆறுதல் சொல்லப் போனேன். "கொளுத்துனவன்னு சொல்லட்டும், ஓடிப்போனவன்னு சொல்லட்டும். உசுரோட இருக்கான்னு சொல்றாங்கல்ல, அது போதும் எனக்கு," என்றாள். அதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதாக்கா திரும்ப வேலைக்கு வந்தபோது ஆளே பாதியாகியிருந்தாள். வாயைத் திறந்தால் ஒரே பேச்சு, கோயிலின் இடதுபக்க மூலையில் இருக்கிற வியாகுல மாதா சொரூபத்தைப் பற்றித்தான். செத்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதா. இத்தனை நாள் அந்தப் பக்கம் போனதே இல்லையாம். இப்போது தினமும் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறாளாம். அவளுக்குத்தான் தெரியும் என்பாள். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் ஆறுதல் சொல்கிறார்கள், அவள் ஒருத்திதான் ஒன்றும் சொல்லாமல் கூட உட்கார்ந்திருக்கிறாள் என்பாள். நான் கேட்டுக்கொண்டேன். அந்தச் சிலைமேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

இன்ஷாக்கா எதுவும் பேசாமல் எதிர் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாதாக்கா, அந்த மாதாவுக்காவது மடியில் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள், எனக்குப் பெட்டியைத்தானே கொடுத்தார்கள் என்று சொல்லி விசும்பினாள். அப்போது இன்ஷாக்கா வாய் திறந்தாள்.

"எங்க மர்யம் மடியில மையத்து இல்லக்கா. ஈசா நபியை, அதான் உங்க இயேசுவை, அவங்க கொல்லல. சிலுவையில அறையவும் இல்ல. அவங்க கண்ணுக்கு அப்படித் தோணுச்சு, அவ்வளவுதான். அவரை அல்லா மேல எடுத்துக்கிட்டான்."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். தனக்குச் சொல்லிக்கொண்டது இவள் காதில் விழுந்துவிட்டது. ஆனால் மாதாக்காவின் முகம் கறுத்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பிடிமானம் என்று மிஞ்சியிருந்தது அந்த மாதாவின் மடி ஒன்றுதான். அந்த மடியும் காலி என்று இவள் சொல்கிறாள்.

"அப்ப சிலுவையில தொங்குனது யாரு?" என்று கேட்டாள்.

"வேற யாரோ. அவரோட முகச்சாயலை இன்னொருத்தனுக்கு அல்லா குடுத்துட்டான்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. அவன்தான் அவருன்னு நெனச்சு…"

"சரி. அந்த இன்னொருத்தனுக்கு அம்மா கிடையாதா?"

உருளை பாட்டுக்கு விரிப்பைத் தள்ளிக்கொண்டிருந்தது. இன்ஷாக்காவின் கையிலிருந்து முனை நழுவியது. நழுவியதை அவள் எடுக்கவே இல்லை. மாதாக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மேஸ்திரி கத்தினார். மாதாக்கா, தான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று என்னிடம் கேட்டாள். கேட்டது நியாயமான கேள்விதான் என்று சொன்னேன். அப்போது எனக்கு அது வெறும் வேதத்தைப் பற்றிய கேள்வி.

அதற்கப்புறம் இன்ஷாக்கா வேலைக்கு வந்தாள், ஆனால் பேச்சு மூச்சு இல்லை. கூப்பிட்டால் தலையை ஆட்டுவாள். இன்ஷா அல்லாகூட அவள் வாயில் வரவில்லை. மரத்தடி மர்யம் மாதிரி மௌன விரதமா என்று சீண்டிப் பார்த்தேன், சிரிக்கவில்லை. என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

பிறகு ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், அவள் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மாதாக்காவின் மடியில் வைத்தாள். உள்ளே இரண்டு சாம்பல் கோட்டுகள். மடித்திருந்தன. இரண்டின் காலரிலும் பச்சை முடிச்சு.

"இது ரெண்டும்தான் அவனுக்கு இருந்த கோட்டு. முந்தின நாள் மழையில நனைஞ்சு, அன்னைக்குக் காலைல ரெண்டுமே வீட்டுக் கொடியில ஈரமா கிடந்துச்சு. மழை விடவே இல்லையே. உங்க மகன் கூப்பிட வந்தான். தன் பையிலேர்ந்து இன்னொரு கோட்டை எடுத்து இவனுக்குக் குடுத்தான். இன்னைக்கு உன்னையும் எங்க மாதா பாத்துக்குவாங்கடான்னு சொல்லிச் சிரிச்சான். ரெண்டு பேரும் நீலச் சிலுவையோடதான்க்கா வீட்டைவிட்டுப் போனாங்க."

மாதாக்கா அந்தப் பச்சை முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். பெட்டிக்குள் போனது யாராகவும் இருக்கலாம். சுவர் ஏறிக் குதித்தது யாராகவும் இருக்கலாம். இன்ஷாக்காவுக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே கல்லறையில் மாதாக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏன் சொல்லவில்லை என்று கத்திவிட்டேன்.

"சொன்னா என் மகன் செத்துருவான்னு பயந்தேன்," என்றாள் இன்ஷாக்கா.

மாதாக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்போது வந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது. சந்தோஷம். "அப்ப என் மகன்…" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் எதிரில் நிற்பவளைப் பார்த்தாள். சந்தோஷம் அப்படியே முகத்திலேயே செத்துப்போனது. பையை மூடி ஓரமாக வைத்தாள். எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள்.

அன்றைக்குப் பிறகு மாதாக்கா கல்லறைக்குப் போவதை விட்டுவிட்டாள். அங்கே படுத்திருப்பவன் யார் என்று தெரியாமல் யாரைக் கூப்பிட்டு அழுவது? வியாகுல மாதாவிடமும் போகவில்லை. வேலை விட்டதும் அந்த எரிந்த கிடங்கின் பின்பக்கச் சந்தில் போய், காவலாளி காட்டிய சுவருக்குக் கீழே நிற்பாள். போகிற வருகிற பையன்களின் முதுகையெல்லாம் பார்ப்பாள். வீட்டில் மறுபடியும் இரண்டு தட்டு வைக்க ஆரம்பித்திருந்தாள். இன்ஷாக்காவோ யாருக்கும் சொல்லாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஒரு நாள் பார்த்துவிட்டேன். உள்ளே போகவில்லை. உள்ளே போய் அந்த மண்ணைத் தொட்டால் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் அல்லவா? வெளியே மதில் ஓரமாக, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, உதடு அசைய நின்றாள்.

இதைவிடக் கொடுமை மடிப்பு மேசையில்தான் நடந்தது. இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. பார்க்காமல் விரிப்பு மடிக்க முடியாது. முனை தவறும், துணி விழும். மேஸ்திரி இருவரையும் பிரித்து வேறு வேலைக்குப் போட்டுவிடுவேன் என்று மிரட்டினார். போடட்டும் என்று இருவருமே நின்றார்கள்.

எனக்கு விஷயம் புரிந்தது. இவள் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்றால் அவள் பிள்ளை அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும். அவள் பிள்ளை வர வேண்டும் என்றால் இவள் பிள்ளை மண்ணுக்குள் இருக்க வேண்டும். இவள் மண்டியிட்டாலும் அவள் தொழுதாலும், வாயைத் திறந்து கேட்கிற ஒவ்வொரு வரமும் எதிரில் நிற்பவளின் பிள்ளைக்குச் சாவு. மேசைக்கு அடியில் தாங்களே சேர்ந்து தூங்க வைத்த பிள்ளைக்கு. மாதாவிடம் கேட்டாலும் அதுதான், அல்லாவிடம் கேட்டாலும் அதுதான். எந்தச் சாமியையாவது எதிரில் பார்த்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அந்தப் பல் ஞாபகம் வந்தது எனக்குத்தான். ஸ்டேஷனுக்குப் போய் நானே விசாரித்தேன். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் பத்திரமாக இருக்கிறது, பெற்றவளின் எச்சிலை எடுத்துப் பொருத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள். ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசினேன். தெரியாமல் இருப்பதற்குத் தெரிந்து அழலாம் என்றேன். அது எவ்வளவு லேசான பேச்சு என்று பேசும்போதே தெரிந்தது. இருந்தாலும் இருவரும் சரி என்றார்கள்.

பஸ்ஸில் ஒருத்தி முன்னால் உட்கார்ந்தாள், ஒருத்தி பின்னால். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரிப் பின்கட்டில் நீளமான நடை. ஒரு பக்கம் பூட்டிய அறைகள், இன்னொரு பக்கம் மர பெஞ்சு. பினாயில் வாடை. நாங்கள் துவைத்து அனுப்பிய விரிப்புகள் ஒரு தள்ளுவண்டியில் அடுக்கியிருந்தன, எதன்மேல் போர்த்த என்று நான் யோசிக்க விரும்பவில்லை. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், வேறு பெஞ்சு இல்லாததால். நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு, அதில் மாதாக்கா தன் கைப்பையை வைத்திருந்தாள். அங்கே நான் உட்காரவில்லை.

மாதாக்காதான் முதலில் பேசினாள். சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். "நேத்து மாதாகிட்ட ஒண்ணு வேண்டிக்கிட்டேன். என்ன வேண்டிக்கிட்டேன்னு உன்கிட்ட சொல்ற யோக்யதை எனக்கில்ல."

"நானும் துஆ கேட்டேன்க்கா," என்றாள் இன்ஷாக்கா. "எனக்கும் இல்ல."

அவ்வளவுதான் பேச்சு. மாதாக்கா கைப்பையை அந்த இடத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்ஷாக்கா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு ஊழியர் வந்தார். கையில் எங்கள் மனு இருந்தது. அதை அவர் படித்ததாகத் தெரியவில்லை. எத்தனையோ பிரேதங்களில் இது ஒன்று. முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக் கேட்டார்.

"செத்துப்போன பையனோட அம்மா யாரு? ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க."

எழுந்திரிக்கிறவள் தன் பிள்ளை செத்துவிட்டான் என்று எழுந்திரிக்க வேண்டும். அதை நான் அந்த ஆளிடம் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

இன்ஷாக்கா எழுந்தாள். முழங்காலில் கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். "நான்தான்," என்றாள்.

மாதாக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ உக்காரு. நான்தாங்க அம்மா. நான்தானே அவனைப் புதைச்சேன்."

"இல்லக்கா. உங்க பிள்ளைதான் செவரேறிக் குதிச்சது. உங்க பிள்ளை இருக்கான்."

"உன் பிள்ளைதான் இருக்கான். வாயை மூடிட்டு உக்காரு." மாதாக்கா ஊழியரைப் பார்த்துத் திரும்பினாள். "அவளுக்குப் பிள்ளை உசுரோட இருக்கான்யா. செத்தது என் மகன். என்கிட்ட எடுங்க."

ஊழியர் மனுவைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், உதவிக்கு என்னைப் பார்த்தார். "யாராவது ஒருத்தர்தாம்மா அம்மாவா இருக்க முடியும்," என்றார் சலிப்பாக. இருவரும் அசையவில்லை. இன்ஷாக்கா உதறிக்கொள்ளப் பார்த்தாள், மாதாக்கா பிடியை விடவில்லை. இருவர் கன்னத்திலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் இரண்டு பேருக்கும் உறுதியாக இருந்தது. கடைசியில் அவர் அலுத்துப்போய், என்னமோ பண்ணுங்க என்று கதவை முழுசாகத் திறந்துவிட்டார். பிடித்த கையோடு இருவரும் உள்ளே போனார்கள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு பேருமே பொய் சொன்னார்கள், அது எனக்குத் தெரியும். நெஞ்சுக்குள்ளே இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தது அதற்கு நேர்மாறான பதில். வரப்போகிற காகிதம் அந்த இரண்டு பொய்யில் ஒன்றை உண்மையாக்கிவிடும். அதை நினைத்து, மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.